மடை திறக்கும் புரதங்கள்: புற்றுநோய் எங்கே தொடங்குகிறது?

ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்ததும் முதலில் எழும் கேள்விகளில் ஒன்று இது: "எங்கள் பரம்பரையில் யாருக்குமே இல்லையே, இவருக்கு மட்டும் எப்படி வந்தது?" கேட்டவருக்குப் பெரும்பாலும் முழுப் பதில் கிடைப்பதில்லை. சிகிச்சை, செலவு, அடுத்த ஸ்கேன் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அதைப் புரிந்துகொள்ள உயிரியல் பட்டம் எதுவும் வேண்டாம். நம் செல்களுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சில புரதங்களைப் பற்றித் தெரிந்தால் போதும்.

எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை அந்தப் புரதங்கள். பாடப்புத்தகத்தில் அவற்றுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். பெயர் கொஞ்சம் பயமுறுத்தும். வேலை எளியதுதான்.

ஒரே ஏரி, ஆயிரம் வயல்

உங்கள் கண்ணிலிருந்து ஒரு செல்லையும் கல்லீரலிலிருந்து ஒரு செல்லையும் எடுத்து, உள்ளே இருக்கும் டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் நீளம். அதில் புரதம் செய்யும் குறிப்புகளாகச் சுமார் 20,000 மரபணுக்கள். அப்படியானால் கண் ஏன் பித்தநீர் சுரப்பதில்லை? கல்லீரல் ஏன் வெளிச்சத்தை உணர்வதில்லை?

நம் ஊர் ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி ஒன்று, அதன்கீழ் வயல்கள் பல. எந்த வயலுக்கு இன்று தண்ணீர், எவ்வளவு நேரம், எப்போது அடைக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஆள் இருப்பார். சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் நீர்பாய்ச்சி. மண்வெட்டியோடு வரப்பில் நடந்துபோய், சரியான மடையைத் திறந்து, முறை முடிந்ததும் அடைப்பது அவர் வேலை. நிலம் அவருடையது இல்லை, தண்ணீரும் அவருடையது இல்லை. ஆனால் எந்த வயலில் பயிர் நிற்கும், எது காயும் என்பது அவர் கையில்.

மரபணுவை வயல் என்று வைத்துக்கொண்டால், படியெடுப்புக் காரணிகள்தான் செல்லின் நீர்க்கட்டிகள். மனித உடலில் இவற்றில் சுமார் 1,600 வகை இருக்கின்றன. கல்லீரல் செல்லில் ஒரு குழு வேலையில் இருக்கும், கண்ணில் வேறொரு குழு. திறந்திருக்கும் மடைகள் வேறு, அதனால் விளைச்சலும் வேறு.

இவை மடையைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு மரபணுவுக்கும் அருகில், சில சமயம் வெகு தொலைவிலும், சில எழுத்துகளே கொண்ட சின்ன முகவரிகள் டிஎன்ஏவிலேயே எழுதப்பட்டிருக்கும். முறுக்கிய கயிறு போன்ற டிஎன்ஏவின் பள்ளத்தில் புரதத்தின் ஒரு பகுதி போய்ப் பொருந்தி, அந்த எழுத்துகளைத் தடவிப் படிக்கும். முகவரி சரியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதன் இன்னொரு பகுதி, மரபணுவைப் பார்த்து ஆர்என்ஏ என்ற நகலைப் படியெடுக்கும் எந்திரத்தை அங்கே அழைக்கும். படி தயாரானால் புரதம் தயாராகும். ஆகவே இந்தப் புரதத்துக்கு இரண்டு கை உண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டிஎன்ஏவைப் பிடிக்கும் கை ஒன்று, ஆள் கூப்பிடும் கை ஒன்று. புற்றுநோயில் எந்தக் கை பழுதாகிறது என்பது பின்னால் முக்கியமாகும். எல்லாமே திறப்பவை என்றும் நினைக்க வேண்டாம். மடையின்மேல் உட்கார்ந்து அடைத்து வைப்பதையே வேலையாகக் கொண்டவையும் உண்டு.

இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும் என்று முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்த பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும். 1961இல். அவர்கள் பார்த்தது மனிதனை இல்லை, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை. பால் சர்க்கரையான லாக்டோஸ் இல்லாதபோது, அதைச் செரிக்கும் நொதிகளை அந்த பாக்டீரியா வீணாகச் செய்வதில்லை. லாக்டோஸ் வந்ததும் செய்யத் தொடங்குகிறது. அப்படியென்றால் ஏதோ ஒன்று மரபணுவை அடைத்து வைத்திருக்கிறது, லாக்டோஸ் வந்ததும் எழுந்துபோகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். 1965இல் நோபல் பரிசு கிடைத்தது. அடைப்பான் ஒரு புரதம்தான் என்று வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஒரு பாக்டீரியா பால் குடிக்கும் கதை, பின்னாளில் புற்றுநோயைப் புரிந்துகொள்ளும் வழியாக மாறியது.

செல் எடுக்கும் நான்கு முடிவுகள்

ஒரு செல்லின் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் என்று பார்த்தால் நான்குதான். பிரிந்து இரண்டாகலாமா? பிரியாமல் நிற்கலாமா? முதிர்ந்து ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் போகலாமா? செத்துவிடலாமா? கடைசி முடிவு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் பழுதான செல் தானாக இறப்பது உடலுக்கு மிக அவசியம்.

புற்றுநோய் என்பது இந்த நான்கு முடிவுகளும் கோணிப்போன நிலை. செல் நிற்க வேண்டிய இடத்தில் பிரிகிறது. முதிர வேண்டிய இடத்தில் குழந்தையாகவே இருக்கிறது. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருக்கிறது. இந்த ஒவ்வொரு முடிவின் கடைசிக் கண்ணியிலும் ஒரு படியெடுப்புக் காரணி நிற்கிறது. வெளியிலிருந்து 'வளரு' என்று ஒரு செய்தி வந்தால், அது செல்லின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் புரதமான ஏற்பியைத் தொட்டு, உள்ளே பத்துப் பன்னிரண்டு புரதங்களின் கைமாறி, கடைசியில் டிஎன்ஏவுக்கு அருகில் நிற்கும் நீர்க்கட்டியிடம்தான் வந்து சேரும். அதனால் புற்றுநோயைத் தொடங்கும் பழுது வழியில் எங்கே ஏற்பட்டாலும், அதன் விளைவு பெரும்பாலும் இந்தச் சில புரதங்கள் வழியாகத்தான் வெளிப்படுகிறது. நூற்றுக்கணக்கான மரபணுப் பழுதுகளின் பட்டியலைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். பட்டியல் நீளம், ஆனால் வாய்க்கால்கள் வந்து கூடும் இடங்கள் குறைவு.

திறந்தே கிடந்த மடை

டெனிஸ் பர்கிட் அயர்லாந்துக்காரர், அறுவைச் சிகிச்சை நிபுணர். உகாண்டாவின் கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, தாடை வீங்கிய குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார். வேகமாக வளரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் அது. 1958இல் அதைப் பற்றி எழுதினார். இன்று அதற்கு பர்கிட் லிம்ஃபோமா என்றே பெயர்.

அந்தக் கட்டிகளின் குரோமோசோம்களைப் பிறகு ஆராய்ந்தவர்களுக்கு ஒரு விநோதம் தெரிந்தது. 8ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்துபோய் 14ஆம் குரோமோசோமில் ஒட்டியிருந்தது. உடைந்த இடத்தில் என்ன மரபணு இருக்கிறது என்பது 1982இல் தெரிந்தது. அதன் பெயர் 'மிக்'. கோழிகளில் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸில் முன்பே பார்த்த மரபணுதான். இதன் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி. செல் வளர்வதற்கும் பிரிவதற்கும் வேண்டிய ஆயிரக்கணக்கான மரபணுக்களின் மடையைத் திறப்பது அதன் வேலை. சாதாரண செல்லில் இதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. தேவைப்படும்போது கொஞ்சம் செய்து, சுமார் அரை மணி நேரத்துக்குள் அழித்துவிடும்.

14ஆம் குரோமோசோமில் அது போய் ஒட்டிய இடம் எது தெரியுமா? நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களைச் செய்யும் மரபணுவின் பக்கத்தில். பி வகை வெள்ளை அணுக்களில் அந்த மடை எந்நேரமும் திறந்தே கிடக்கும், ஏனென்றால் எதிர்ப்புரதம் செய்வதுதான் அந்த அணுக்களின் பிழைப்பு. அந்த வாய்க்காலின் பக்கத்தில் குடிவந்த மிக் மரபணுவுக்கும் இடைவிடாமல் தண்ணீர் பாய்ந்தது. அந்தப் புரதத்தின் அமைப்பு கெட்டுப்போனதால் வந்த வினை இல்லை இது. நல்ல ஆள்தான், ஆனால் இரவு பகல் பார்க்காமல் மடை திறந்துகொண்டே இருக்கும்படி ஆகிவிட்டது. அளவும் நேரமும் தப்பினாலே புற்றுநோய் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மிக் எவ்வளவு வலிமையானது என்பதற்கு வேறு பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. 2006இல் ஜப்பானின் ஷின்யா யாமனாகா, முதிர்ந்த எலித் தோல் செல்லில் வெறும் நான்கு படியெடுப்புக் காரணிகளைச் சேர்த்து, அதைக் கருவின் தொடக்கச் செல் போன்ற நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த நான்கில் ஒன்று மிக். அப்படி உருவான செல்களிலிருந்து வளர்த்த எலிகளில் சிலவற்றுக்கு, அந்த மிக் மறுபடி விழித்துக்கொண்டதால் கட்டிகள் வந்தன. செல்லின் வயதையே திருப்பக்கூடிய கைகள் இவை.

கரை உடையும்போது ஓடி வருபவர்

இனி பி53. புற்றுநோய் ஆராய்ச்சியில் இதைவிட அதிகம் பேசப்பட்ட புரதம் கிடையாது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு பழுதாகியிருக்கும். 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 393 அமினோ அமிலங்கள் கொண்ட நடுத்தரப் புரதம்.

1979இல் லண்டனில் டேவிட் லேன், பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவின், நியூயார்க்கில் லாயிட் ஓல்ட் என்று பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைக் கண்டன. கட்டிச் செல்களில் அளவுக்கு மேல் குவிந்து கிடந்ததால் இதுதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முடிவுகட்டினார்கள். பத்து வருடம் அப்படியே நம்பப்பட்டது. 1989இல் பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டீனின் குழு குடல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தபோது, பி53 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று தொலைந்துபோயிருப்பதையும், மிஞ்சிய பிரதியில் எழுத்துப் பிழை இருப்பதையும் பார்த்தார்கள். முன்பு ஆய்வகங்களில் பயன்படுத்திய பிரதிகளே பழுதானவை என்பதும் தெரியவந்தது. ஆக, நல்ல பி53 புற்றுநோயைத் தடுக்கும் புரதம். குற்றவாளி என்று பத்து வருடம் எழுதி வைத்தது காவல்காரரைத்தான்.

அது செய்யும் வேலையைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஏரிக்கரையில் விரிசல் விழுந்தால் என்ன செய்வார்கள்? முதலில் மடைகளை அடைத்து வேலையை நிறுத்துவார்கள். பிறகு மண்மூட்டை போட்டுக் கரையைச் சரிசெய்வார்கள். பி53 இருக்கும் செல்லில் நடப்பதும் அதுதான். சாதாரண நேரத்தில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53ஐ ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கும், அதன் ஆயுள் சுமார் 20 நிமிடம்தான். டிஎன்ஏ உடைந்தால் அந்த அழிப்பு நின்றுவிடும். பி53 பெருகி, டிஎன்ஏவில் தன் முகவரிகளைத் தேடிப்போய் உட்காரும். பி21 என்ற புரதத்தின் மடையைத் திறக்கும், அது செல் பிரிவதை நிறுத்தும். பழுதுபார்க்கும் புரதங்களின் மடைகளையும் திறக்கும். சரிசெய்யவே முடியாத சேதம் என்றால், செல் தானாக இறப்பதற்கான மரபணுக்களைத் திறந்துவிடும். ஒரு செல் போனால் போகட்டும், ஊர் பிழைக்கட்டும் என்ற கணக்கு. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எம்டிஎம்2வின் மடையையும் பி53தான் திறக்கிறது. ஆபத்து முடிந்ததும் தன்னை அழிப்பவரைத் தானே அழைத்துக்கொள்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து இந்த ஏற்பாட்டின் அழகு என் மனதை விட்டுப் போகவில்லை.

புற்றுநோயில் பி53 கெடும் விதம் நாம் முன்பு பார்த்த இரண்டு கைகளோடு தொடர்புடையது. பெரும்பாலான பிழைகள் டிஎன்ஏவைப் பிடிக்கும் கையில்தான் விழுகின்றன. 1994இல் நிக்கோலா பாவ்லெட்டிச்சின் குழு, பி53 டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் காட்சியைப் படிக அமைப்பாக வெளியிட்டது. புற்றுநோய்களில் மிக அதிகமாகப் பழுதாகும் 248ஆம், 273ஆம் அமினோ அமிலங்கள் இரண்டும் நேரடியாக டிஎன்ஏவைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த விரல் போனால் பிடிப்பு போய்விடும். புரதம் இருக்கும், ஓடியும் வரும், ஆனால் மடையில் கை வைக்க முடியாது.

இன்னும் மோசம், பி53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு சேர்ந்து ஒரு குழுவாகத்தான் டிஎன்ஏவில் உட்காரும். நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் இடறினால் என்ன ஆகும்? ஒரு பிரதி பழுதாகி, மற்ற பிரதி நன்றாக இருந்தாலும், கலந்து உருவாகும் குழுக்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நோஞ்சானாவது இருப்பார். நல்ல பிரதியின் உழைப்பும் அதனால் வீணாகிறது.

சரி, இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன? சில இடங்களில் குற்றவாளி கைரேகையை விட்டுச் சென்றிருக்கிறார். ஈரம் தங்கிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஒரு வகைப் பூஞ்சை வளரும். அது சுரக்கும் நஞ்சு அஃப்லடாக்சின். 1991இல் சீனாவின் சிடாங் பகுதியிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் கட்டிகளை ஆராய்ந்தபோது, பி53இன் 249ஆம் இடத்தில் அதே எழுத்து அதே மாதிரி மாறியிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவை இந்த நஞ்சும் ஹெபடைடிஸ் பி வைரஸும். கடலையை நன்றாகக் காயவைத்து, கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறியும் நம் வீட்டுப் பழக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய காரணம் இருக்கிறது என்று பாருங்கள். சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன், பி53 மரபணுவில் எங்கெல்லாம் போய் ஒட்டுகிறது என்று 1996இல் பார்த்தார்கள். 157, 248, 273. புகைப்பவர்களின் நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி பழுதாகும் இடங்களும் அவையே. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு மக்கள்தொகைக் கணக்குகளில் முன்பே தெரிந்த ஒன்றுதான், ஆனால் அன்றைக்குத்தான் நச்சு மூலக்கூறு உட்கார்ந்த எழுத்து வரை தடம் காட்ட முடிந்தது.

மரபணுவில் பிழையே இல்லாமலும் பி53ஐ ஒழிக்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் அப்படித்தான் நடக்கிறது. அதை உண்டாக்கும் எச்பிவி வைரஸ், குறிப்பாக 16, 18 ஆகிய வகைகள், ஈ6 என்றும் ஈ7 என்றும் இரண்டு புரதங்களைச் செய்கின்றன. ஈ6 நம் செல்லின் சொந்தக் குப்பை அகற்றும் ஏற்பாட்டைக் கொண்டே பி53ஐ அழித்துவிடுகிறது. ஈ7 மற்றொரு காவல்காரரான ஆர்பி புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆர்பியின் வேலை, செல் பிரிவுக்கான மடைகளைத் திறக்கும் ஈ2எஃப் என்ற படியெடுப்புக் காரணியைக் கட்டி வைத்திருப்பது. கட்டு அவிழ்ந்ததும் ஈ2எஃப் ஓடிப்போய்த் திறக்கிறது. ஒருபுறம் நிறுத்துபவர் இல்லை, மறுபுறம் திறப்பவரைப் பிடிக்க ஆள் இல்லை. எச்பிவி தடுப்பூசி எதைத் தடுக்கிறது என்று கேட்டால், வைரஸ் செல்லுக்குள் நுழைவதையே. இந்த இரண்டு புரதங்களும் நம் செல்லுக்குள் கால் வைக்கவே முடியாது. பெண் குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சில குடும்பங்களில் பி53இன் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக வருகிறது. 1969இல் ஃப்ரெடரிக் லீ, ஜோசப் ஃபிரௌமெனி என்ற இருவர் இத்தகைய குடும்பங்களை விவரித்தார்கள். சிறு வயதிலேயே எலும்பு, மார்பகம், மூளை என்று பல இடங்களில் புற்றுநோய் வரும். காரணம் பி53 என்பது 1990இல் உறுதியானது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் யானை. நமக்கு ஒரு செல்லில் இந்த மரபணுவின் 2 பிரதிகள், யானைக்கு 40 என்று 2015இல் கண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை முழு மரபணுக்கள் இல்லை, சுருங்கிய பிரதிகள்தான். ஆனாலும் டிஎன்ஏ சேதமான யானைச் செல்கள் மனிதச் செல்களைவிட எளிதாகத் தம்மையே மாய்த்துக்கொள்கின்றன. அவ்வளவு பெரிய உடம்பில் எத்தனை செல்கள், எத்தனை பிரிவுகள்! இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அபூர்வம்.

ஆள் சரி, முகவரி தப்பு

இன்னொரு வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர்க்கட்டி நல்லவராகவே இருந்து, வரப்பில் யாரோ புதிதாக ஒரு மடையை வெட்டிவிட்டால்? 2013இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இதைக் கண்டார்கள். செல்லை மூப்படையாமல் வைத்திருக்கும் டெலோமரேஸ் நொதியின் மரபணுவுக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால், இடிஎஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த படியெடுப்புக் காரணிகள் உட்காரும் முகவரி அங்கே புதிதாக முளைத்துவிட்டது. வழக்கமாக மூடிக்கிடக்கும் மரபணு திறந்துகொண்டது. எந்தப் புரதத்தின் அமைப்பும் மாறவில்லை.

கொல்லாமல் முதிரவைத்த மருந்து

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். ஏபிஎல் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு வகைத் தீவிர ரத்தப் புற்றுநோய். ஒரு காலத்தில் ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக வேகமாக உயிரைப் பறித்தது இதுதான். ரத்தம் உறையும் ஏற்பாடு குலைந்து, மூளையிலும் நுரையீரலிலும் ரத்தம் கசிந்து, சில நாட்களில் ஆள் போய்விடுவார்.

1977இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, இந்த நோயாளிகளிடம் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்த இடமாற்றத்தில் இரண்டு மரபணுக்கள் பாதி பாதியாக ஒட்டி ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது என்பது 1990ஐ ஒட்டித் தெரிந்தது. கலப்பின் ஒரு பாதி, வைட்டமின் ஏ வழிப்பொருளான ரெடினாயிக் அமிலத்தைப் பெறும் ஏற்பி. அதுவும் ஒரு படியெடுப்புக் காரணிதான். இளம் வெள்ளை அணு முதிர்ந்து முழு வெள்ளை அணு ஆவதற்கான மரபணுக்களைத் திறப்பதில் அதற்குப் பங்கு உண்டு. உடம்பில் இயல்பாக இருக்கும் ரெடினாயிக் அமிலம் வந்து தட்டினால் போதும், அது எழுந்து மடையைத் திறக்கும். ஆனால் கலப்புப் புரதமோ மடையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. இயல்பான அளவுக்குத் தட்டினால் எழுவதில்லை. இளம் அணுக்கள் முதிர வழியில்லாமல் எலும்பு மஜ்ஜையில் குவிகின்றன. நோய் அதுதான்.

ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர், இந்த மூல காரணம் தெரிவதற்கு முன்பே வேறு ஒரு கோணத்தில் யோசித்துக்கொண்டிருந்தார். இந்த அணுக்கள் தீயவை என்று கொல்லப் பார்ப்பதைவிட, அவற்றை முதிரவைக்க முடியுமா? 1985இல், எல்லா மருந்தும் கைவிட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெடினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமான ஆட்ராவை வாய்வழியாகக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988இல் அவரது குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. 23 பேருக்கு ஆட்ரா மட்டுமே போதுமானதாக இருந்து நோய் அடங்கியது, மற்ற ஒருவருக்கு மட்டும் கூடுதலாகக் கீமோ மருந்து தேவைப்பட்டது. அந்த அணுக்கள் சாகவில்லை. வளர்ந்து பெரியவையாகி, இயல்பான ஆயுளை வாழ்ந்து முடித்தன. அதிக அளவில் போய்த் தட்டியதும் சம்மணம் போட்டவர் எழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆட்ரா மட்டும் கொடுத்தால் பலருக்கு நோய் திரும்பியது. துணைக்கு வந்த மருந்தைக் கேட்டால் திகைப்பீர்கள். ஆர்சனிக் ட்ரையாக்சைடு. நம் சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பது இதுவே. சீனாவின் ஹார்பினில் சாங் டிங்டொங் என்ற மருத்துவர் 1970களில், ஊர் வைத்தியர் ஒருவரின் மருந்திலிருந்து தொடங்கி இதைப் பரிசோதித்தார். ஆட்ரா கலப்புப் புரதத்தின் ஒரு பாதியைத் தாக்குகிறது, ஆர்சனிக் மறு பாதியான பிஎம்எல் பகுதியில் போய் ஒட்டி, முழுப் புரதத்தையும் செல்லே அழிக்கும்படி செய்கிறது. 2013இல் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வில், மிக அதிக ஆபத்துப் பிரிவில் சேராத நோயாளிகளுக்கு இந்த இரண்டையும் மட்டும் கொடுத்தார்கள், வழக்கமான கீமோதெரபி இல்லாமல். இரண்டு வருட முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் இடம் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1998 முதல், புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆர்சனிக்கையே முதன்மை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் 72 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். 62 பேருக்கு நோய் அடங்கியது. விலை உயர்ந்த சிகிச்சை எட்டாத இடத்தில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இது மருத்துவமனையில் இதயத் துடிப்பையும் ரத்தத்தையும் கண்காணித்துக்கொண்டே அளந்து கொடுக்கும் மருந்து. நாட்டு மருந்துக் கடையில் பாஷாணம் வாங்கிச் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பிடிக்குச் சிக்காதவை

இவ்வளவு தெரிந்தும் பி53க்கும் மிக்குக்கும் ஏன் இன்னும் இப்படி ஒரு மாத்திரை இல்லை? மருந்து மூலக்கூறு சின்னது. போய் உட்கார ஒரு குழி வேண்டும். ரெடினாயிக் அமில ஏற்பிக்கு இயற்கையிலேயே அப்படி ஒரு குழி இருக்கிறது, அதனால் வேலை எளிதானது. மிக் புரதமோ தனியாக இருக்கும்போது உருவமே இல்லாத நூல் போலத் தளர்ந்து கிடக்கும். மேக்ஸ் என்ற கூட்டாளியோடு சேர்ந்த பிறகுதான் நிமிரும். அங்கே எதைப் பிடிப்பது? பி53இல் இன்னொரு சிக்கல். மிக் போன்றவற்றை அடைத்தால் போதும். பி53இலோ உடைந்ததைத் திரும்ப வேலை செய்ய வைக்க வேண்டும். அடைப்பதைவிட ஒட்டவைப்பது எப்போதும் கடினம்.

கதவு முழுக்க மூடியில்லை. ஆக்சிஜன் குறையும்போது வேலைக்கு வரும் எச்ஐஎஃப்-2 என்ற படியெடுப்புக் காரணி, சில சிறுநீரகப் புற்றுநோய்களில் அடங்காமல் திரிகிறது. அதற்குள் ஒரு சின்னப் பொந்து இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் பொருந்தும் பெல்சுடிஃபான் என்ற மாத்திரையைச் செய்தார்கள். 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிடிக்கவே முடியாது என்று கைவிட்ட புரதங்களின் பட்டியலிலிருந்து ஒன்று குறைந்தது.

அப்புறம், நம் வீடுகளில் பலர் தெரியாமலே பழகிய ஒரு படியெடுப்புக் காரணி இருக்கிறது. சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பெறும் புரதம், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. 1896இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குச் சினைப்பையை அகற்றினால் கட்டி சுருங்குவதாக எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. அந்த ஹார்மோன் செல்லுக்குள் போய்ச் சேரும் இடம் ஒரு புரதம் என்பதை எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகளால் காட்டினார். ஹார்மோன் அதன் குழியில் உட்கார்ந்தால், அந்தப் புரதம் டிஎன்ஏவுக்குப் போய் செல் பிரிவுக்கான மடைகளைத் திறக்கும். டமாக்சிஃபென் மாத்திரை அதே குழியில் போய் உட்கார்ந்து, ஆள் கூப்பிடும் கையை மடக்கிவிடுகிறது. புரதம் மடைவரை போகும், துணைக்கு ஆள் வராது.

தொடக்கத்தில் வந்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே பெற்றோரிடமிருந்து நேராக வந்த பிழையால் ஏற்படுகின்றன. மற்றவை வாழும் காலத்தில், ஏதோ ஒரு செல்லில், புகையாலோ வைரஸாலோ வெயிலாலோ, அல்லது படியெடுக்கும்போது வந்த வெறும் தற்செயல் பிழையாலோ சேர்ந்தவை. பரம்பரையில் யாருக்கும் இல்லாமல் வருவதுதான் பெரும்பாலும் நடப்பது. நோயாளி செய்த தப்பு ஏதாவது இருக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்த முறை மார்பகப் புற்றுநோய் வந்த யாருடைய பயாப்சி ரிப்போர்ட்டாவது கையில் வந்தால், அதில் 'ஈஆர் பாசிட்டிவ்', அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு, என்று இருக்கிறதா என்று பாருங்கள். உலகளவில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் சுமார் ஏழு பேருக்கு அப்படி இருக்கும். அந்தக் கட்டியில் மடை திறப்பவர் யார் என்று தெரிந்துவிட்டது, கையை மடக்க மாத்திரையும் இருக்கிறது என்பதே அந்த இரண்டு சொற்களின் அர்த்தம். எந்த மாத்திரை, ஐந்து வருடமா, பத்து வருடமா, இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.